டீசல் டேங்கில் குடியேறிய ஈஸ்ட்

கேள்வி: மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் பொறுப்பு இந்த வருஷம் என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் ஜெனரேட்டருக்கு மழைக்காலத்தில்தான் வேலை. மற்ற மாதங்களில் சும்மா நிற்கும். சமீபத்தில் கரண்ட் போனபோது ஓட ஆரம்பித்து, இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். கறுப்பும் பழுப்புமாக, தொட்டால் வழுக்கும் சளி மாதிரி ஒன்று அப்பியிருந்தது. “டீசல்ல பூஞ்சை புடிச்சிருக்கு சார். ஈஸ்ட் மாதிரி ஒண்ணு, டீசலையே தின்னு வளரும்” என்றார். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுவைக் கொல்ல எண்ணெய் ஊற்றுகிறோம். அந்த எண்ணெயிலேயே ஓர் உயிர் வாழுமா? கலப்பட டீசலை மூடிமறைக்கச் சொல்லும் கதையோ என்று சங்கத்தில் சந்தேகப்படுகிறார்கள்.

அது உண்மையென்றால் இன்னொரு கேள்வி. 2017-இல் எண்ணூர்க் கடலில் கொட்டிய எண்ணெய் பெசன்ட் நகர் மணல்வரைக்கும் வந்ததே, அப்போது பிள்ளைகள் பக்கெட்டில் அள்ளினார்கள். எண்ணெய் தின்னும் ஈஸ்டைக் கடலில் விட்டிருந்தால் அந்தப் பாடு மிச்சமாகியிருக்காதா? பேக்கரியில் வாங்கும் ஈஸ்டும் இட்லி மாவும் இந்த வேலையைச் செய்யுமா என்று என் மனைவி கேட்கிறாள். அதற்கும் பதில் சொல்லிவிடுங்கள்.

பதில்: உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. டீசல் விற்ற பங்க்காரர் மேல் வேறு காரணத்துக்காகச் சந்தேகம் இருந்தால் அது உங்கள் பாடு. இந்தச் சளிக்கு அவரைப் பிடிக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கின் பேச்சில் ஒரே ஒரு திருத்தம்: ஃபில்டரில் இருந்தது தனி ஈஸ்ட் அல்ல. ஈஸ்ட், இழைப்பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் கூட்டுக் குடித்தனம் நடத்திய மிச்சம் அது. விமான எரிபொருள் டேங்குகளில் இந்தத் தொல்லை 1950-களிலிருந்தே தெரியும். அங்கே முக்கியக் குற்றவாளியான ஓர் இழைப்பூஞ்சைக்கு ‘மண்ணெண்ணெய்ப் பூஞ்சை’ என்றே பட்டப்பெயர். அதோடு ஒட்டிக்கொண்டு வருபவைதான் கேண்டிடா, யாரோவியா வகை ஈஸ்டுகள்.

கொசுப்புழு விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். எண்ணெய் ஊற்றினால் புழு சாவதற்கு முக்கியக் காரணம், அது மூச்சு வாங்கும் குழலை எண்ணெய்ப் படலம் அடைத்துவிடுவது. ஈஸ்டுக்கு அப்படி ஒரு குழல் கிடையாது. அதைவிட முக்கியம், ஈஸ்ட் டீசலுக்குள் வாழவில்லை. டீசலுக்கு அடியில் கிடக்கும் தண்ணீரில் வாழ்கிறது. சுத்தமான, ஈரமே இல்லாத டீசலில் எந்த உயிரும் பெருகாது. தண்ணீரில் உடம்பை வைத்துக்கொண்டு, மேலே மிதக்கும் டீசலோடு அது தொட்டுக்கொள்ளும் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. மெல்லிய ஒரு நீர்ப்படலம் இருந்தாலே போதும்.

டேங்கில் தண்ணீர் ஏது என்பீர்கள். சென்னைக் காற்றுதான் கொண்டுவருகிறது. பாதி காலியான டேங்கில் மேல்பாதி காற்று. பகல் சூட்டில் அது விரிந்து மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். இரவில் சுருங்கும்போது கடற்கரையோரத்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் குளிர்ந்த தகரத்தில் வியர்த்து, துளித்துளியாக வடிந்து அடியில் தங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் தானாக மேலே வராது, ஆவியாகவும் வழியில்லை. ஓடாத ஜெனரேட்டரில் இது மாதக்கணக்கில் நடக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்து ஜெனரேட்டர்கள் முழுகிய குடியிருப்புகளில் இந்தச் சுற்றே தேவைப்படவில்லை. வெள்ளம் நேராகவே உள்ளே போயிருக்கும், கூடவே சாக்கடையின் நுண்ணுயிர்களும்.

இனி அது எப்படிச் சாப்பிடுகிறது என்பதற்கு வருவோம். டீசல் என்பது பெரும்பாலும் ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த மூலக்கூறுகள். அதில் நேர்ச்சங்கிலி வகைக்கு அல்கேன் என்று பெயர். பதினாறு கார்பன் கொண்ட ஓர் அல்கேனையும், நம் சமையல் எண்ணெய்களில் இருக்கும் பதினாறு கார்பன் கொழுப்பு அமிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரே முனையில்தான். கொழுப்பு அமிலத்தின் ஒரு முனையில் ஆக்சிஜன் இருக்கிறது, அல்கேனில் இல்லை. கொழுப்பு அமிலம் காம்பு வைத்த கரண்டி, அல்கேன் காம்பு உடைந்தது. உயிரணுவின் நொதிகள் பிடித்துத் தூக்க அந்தக் காம்பு வேண்டும். ஈஸ்டின் சாமர்த்தியமெல்லாம் காம்பில்லாத மூலக்கூறுக்குக் காம்பு செய்து மாட்டுவதில் இருக்கிறது. அது முடிந்துவிட்டால் மீதி, நாம் நெய்யைச் செரிப்பதைப் போன்ற வேலைதான்.

ஆனால் அதற்கு முன்னால் எண்ணெய் அணுவுக்குள் வந்து சேர வேண்டுமே. எண்ணெய் தண்ணீரில் கரையாது. இதற்கு ஈஸ்ட் இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, அணுவின் மேல்தோலையே எண்ணெய் ஒட்டும்படி மாற்றிக்கொண்டு துளியின் மேல் அப்பிக்கொள்வது. இன்னொன்று, சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரந்து எண்ணெயை நுண்துளிகளாக உடைப்பது. யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட் சுரக்கும் லிப்போசான் என்ற பொருளை 1980-களில் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரைச் சங்கிலியும் கொஞ்சம் புரதமும் சேர்ந்த கலவை அது. உங்கள் ஃபில்டரில் கண்ட வழவழப்பில் இப்படிப்பட்ட சுரப்புகளுக்கும் பங்கு உண்டு.

உள்ளே நுழைந்த அல்கேனின் முனையில் முதலில் கைவைப்பது சைட்டோகுரோம் பி-450 என்ற நொதி. நம் கல்லீரல் மருந்துகளை உடைக்கப் பயன்படுத்தும் நொதிகளும் இதே பெருங்குடும்பம்தான். இது காற்றிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்து, அதன் ஓர் அணுவைச் சங்கிலியின் கடைசிக் கார்பனில் பொருத்துகிறது. மற்றது தண்ணீராகப் போகிறது. இப்போது அல்கேன் ஆல்கஹாலாகிவிட்டது. அடுத்தடுத்த நொதிகள் அதை ஆல்டிஹைடாகவும் பிறகு கொழுப்பு அமிலமாகவும் மாற்றுகின்றன. காம்பு தயார். யாரோவியாவில் இந்த முதல் வேலைக்கென்று 12 மரபணுக்கள் இருக்கின்றன. குட்டைச் சங்கிலிக்கு ஒன்று, நீளச் சங்கிலிக்கு ஒன்று என்று அவற்றுக்குள் வேலைப் பிரிவினையும் உண்டு. 12 மரபணு ஒதுக்குகிற உயிரினத்துக்கு எண்ணெய் ஏதோ பஞ்சத்துக்குத் தின்னும் பண்டம் அல்ல என்று எனக்குத் தோன்றும். இலைகளின் மேலுள்ள மெழுகிலும் அல்கேன் இருக்கிறது. பெட்ரோல் பங்க் வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே இந்தச் சாப்பாடு பூமியில் பரிமாறப்பட்டிருந்தது.

கொழுப்பு அமிலம் அடுத்துப் போகும் இடம் பெராக்சிசோம் என்னும் சிறு பை. அங்கே சங்கிலி இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்படுகிறது. பதினாறு கார்பன் சங்கிலி எட்டுத் துண்டாகும். ஒவ்வொரு துண்டும் அசிட்டைல் கோ-ஏ. சோற்றிலிருந்தும் நெய்யிலிருந்தும் நம் உடம்பு செய்துகொள்வதும் இதே துண்டைத்தான். நமக்குக் கொழுப்பை வெட்டும் வேலை பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. ஈஸ்டுக்குப் பெராக்சிசோமில் மட்டுமே. வெட்டும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது அணுவையே அரிக்கக்கூடியது என்பதால் கேட்டலேஸ் என்ற நொதி பக்கத்திலேயே இருந்து அதைத் தண்ணீராக்கிவிடும். சர்க்கரையில் வளர்த்த கேண்டிடாவைப் போலன்றி அல்கேனில் வளர்த்த கேண்டிடாவின் வயிறு முழுக்கப் பெராக்சிசோம்களாக இருப்பதை 1970-களில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அந்த வித்தியாசம் பாடம் படிக்காதவருக்குக்கூடப் பளிச்சென்று தெரியும்.

இதிலிருந்து உங்களுக்கு உடனடியாகப் பயன்படும் ஒரு செய்தி: ஸ்கூட்டர் பெட்ரோல் டேங்கில் இந்தத் தொல்லை ஏன் அரிது? பெட்ரோலின் சங்கிலிகள் குட்டை. எட்டு கார்பனுக்குக் கீழே வந்தால் அவை உணவாவதற்கு முன்பே அணுவின் சவ்வைக் கரைத்துக் கொன்றுவிடும். யாரோவியாவுக்குப் பிடித்தது சுமார் 10 முதல் 18 கார்பன் வரை. மண்ணெண்ணெய், விமான எரிபொருள், டீசல் மூன்றும் சரியாக அந்தப் பந்தியில் உட்காருகின்றன.

பெட்ரோலியம் தின்னும் ஈஸ்டை வைத்து உலகம் ஒரு காலத்தில் பெரிய கனவு கண்டது. இங்கே கொஞ்சம் விலகிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரான்சில் லவேரா என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலையில் ஆல்ஃபிரட் ஷாம்பான்யா என்ற விஞ்ஞானி, பெட்ரோலிய மெழுகில் ஈஸ்டை வளர்த்து அதையே புரத உணவாக்கலாம் என்று பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்துக்காகச் செய்து காட்டினார். ஒரு கிலோ மெழுகுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஈஸ்ட். ‘டோப்ரினா’ என்ற பெயரில் கோழிக்கும் பன்றிக்கும் கன்றுக்கும் தீவனமாக விற்றார்கள். அவருக்கு 1976-இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசும் கிடைத்தது. உணவுப் பஞ்சம் பற்றிய பயம் நம் நாட்டை ஆட்டிய காலம் அது. டேராடூனின் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனமும் அசாமின் ஜோர்ஹாட் ஆய்வகமும் இதே வழியில் ஆராய்ந்தன. 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும் கணக்கு கவிழ்ந்தது. ஜப்பானில் மக்கள் எதிர்ப்பு, இத்தாலியில் சார்டீனியா தீவில் கட்டி முடித்த ஆலைக்கு அனுமதி மறுப்பு என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சோவியத் நாடு மட்டும் விடாப்பிடியாக நடத்தியது. 1987-இல் கிரிஷி நகரத்து மக்கள், ஆலைத் தூசியால் ஒவ்வாமை வருகிறது என்று தெருவுக்கு வந்தார்கள்.

கனவு போனாலும் வித்தை போகவில்லை. கொழுப்பு அமிலத்தை வெட்டும் நொதியின் மரபணுவை முடக்கிவிட்டால், ஈஸ்ட் சங்கிலியை வெட்ட முடியாமல் மறுமுனையிலும் காம்பு மாட்டிவிடும். இரண்டு பக்கமும் காம்புள்ள அந்த அமிலம் நைலான் வகைகளுக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் மூலப்பொருள். இந்தத் தொழிலில் புழங்கும் ஈஸ்டுகளில் ஒன்றின் பெயர் கேண்டிடா விஸ்வநாதி. டெல்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தை நிறுவி நடத்திய டாக்டர் ஆர். விஸ்வநாதன் பெயரை, அங்கிருந்த ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரில் கண்ட ஈஸ்டுக்கு வைத்தார்கள். நோயாளியிடம் கண்ட கிருமி, கடைசியில் அல்கேனில் கெட்டிக்காரனாக ஆலையில் வேலை பார்க்கிறது.

சரி, எண்ணூர். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சிந்தியது 200 டன் அளவிலான கப்பல் எரிபொருள். எர்ணாவூர்ப் பக்கம் கருங்கல் அலைத்தடுப்புகளில் அது தார்ச்சேறாகப் படிந்தது. மெரினா, பெசன்ட் நகர் தாண்டித் தெற்கேயும் வந்தது. உங்கள் கேள்விக்கான பதில் அந்த எண்ணெயின் தன்மையிலேயே இருக்கிறது. அது டீசல் அல்ல. பெட்ரோல், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் மிஞ்சும் கனமான எரிபொருள். நேர்ச்சங்கிலி அதில் குறைவு. வளையங்களும், வளையங்கள் ஒன்றோடொன்று சிக்கிய அஸ்ஃபால்டீன் என்னும் பெரிய மூலக்கூறுகளும் அதிகம். சில வளைய மூலக்கூறுகளில் ஈஸ்ட் ஆக்சிஜனைப் பொருத்தும். ஆனால் பெரும்பாலும் அது விஷத்தை முறிக்கும் அளவோடு நிற்கும், முழுதாகத் தின்பதில்லை. அஸ்ஃபால்டீனை ஈஸ்டும் தொடாது, பாக்டீரியாவும் ஏறக்குறைய தொடாது. தார் ரோட்டைப் பூஞ்சை தின்று தீர்க்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

இரண்டாவது தடை சாப்பாட்டின் மற்ற பதார்த்தங்கள். எண்ணெயில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், மரபுப்பொருளுக்குப் பாஸ்பரஸ் வேண்டும். நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது களத்தில் வழங்கும் தோராயக் கணக்கு. திறந்த கடலில் இவை மிகவும் குறைவு. 1989-இல் எக்ஸான் வால்டஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோது, வெளியிலிருந்து நுண்ணுயிரைக் கொண்டுவந்து விடுவதைவிட, அந்தக் கரையில் ஏற்கெனவே இருந்த நுண்ணுயிர்களுக்கு உரம் போட்டதுதான் பேசப்பட்டது. எனக்கும் அந்த வழியில்தான் நம்பிக்கை. எண்ணெய் தின்னும் உயிர்கள் நம் கடலிலும் முன்பே இருக்கின்றன. மும்பைக் கடலோரத்தில் எண்ணெய் கலந்த நீரிலிருந்து பிரித்த ஒரு யாரோவியா, புணே தேசிய இரசாயன ஆய்வகத்தின் சேமிப்பில் 3589 என்ற எண்ணோடு இருக்கிறது. கச்சா எண்ணெயின் சங்கிலிப் பகுதியை அது நன்றாகவே உடைக்கிறது. குறை உயிர்களிடம் இல்லை. காற்றும் உரமும் பரப்பும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

மூன்றாவது, வேகம். நுண்ணுயிர் வேலை வாரம், மாதம் என்று நடக்கும். அலையோடு வரும் எண்ணெயோ சில மணி நேரத்தில் கரையேறிவிடும். தண்ணீரோடு கலந்து கடைந்த அந்தக் கெட்டிக் குழம்பில் நுண்ணுயிர் வெளித்தோலை மட்டும்தான் தொடும். உள்ளே ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாவிட்டால் பி-450 நொதி வேலை செய்யாது என்று மேலே பார்த்தோம். ஆகவே பக்கெட்டில் அள்ளியதுதான் அன்றைக்குச் சரியான காரியம். இவ்வளவு பெரிய துறைமுக நகரம் அதற்குப் பக்கெட்டையும் மாணவர்களின் வெறுங்கையையும் நம்ப வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். அதற்கு உயிரியலில் பதில் இல்லை. 2023-இல் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் மீனவர்கள் படகில் போய்க் குவளையால் மொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

நுண்ணுயிர் வேலைக்கு வர வேண்டிய இடம் அதற்கு அடுத்த கட்டம். 2017-இல் அள்ளிய கசடைத் துறைமுக வளாகத்தில் குழி வெட்டிப் போட்டு, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு தந்த நுண்ணுயிர்க் கலவையால் பக்குவப்படுத்தினார்கள். குழியில் கிளறிவிடலாம், உரம் கலக்கலாம், ஈரம் பார்க்கலாம். கடலில் எதுவும் முடியாது. இப்படி நம் நாட்டில் புழங்கும் கலவைகளில், டெல்லி டெரி நிறுவனத்தின் ‘ஆயில்ஜாப்பர்’ உட்பட, இருப்பவை பாக்டீரியாக்கள். ஈஸ்ட் இல்லையா என்றால், பாக்டீரியா வேகமாகப் பெருகும், வளையங்களையும் நன்றாக உடைக்கும் என்பதால் அதற்கு முதல் மரியாதை. ஈஸ்டின் பலம் வேறு இடத்தில்: உப்பு கூடினாலும், அமிலம் ஏறினாலும், வெயிலில் காய்ந்தாலும் தாங்கும். அமெரிக்காவின் லூசியானா சதுப்புகளில் எண்ணெய் பட்ட சேற்றில் ஈஸ்டுகள் பெருகியதை 1970-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணூரின் அலையாத்திச் சேற்றில் ஊறிப்போன எண்ணெய்க்கு நான் யோசனை சொல்வதாக இருந்தால், அந்தச் சேற்றிலேயே இருக்கும் ஈஸ்டுகளையும் கணக்கில் சேர்க்கச் சொல்வேன்.

உங்கள் மனைவியின் கேள்வி நல்ல கேள்வி, பதில், இல்லை. பேக்கரி ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேயிடம் பி-450 வகை நொதிகள் மொத்தமே மூன்றுதான். மூன்றும் அதன் சவ்வுக்கும் வித்துறைக்கும் வேண்டிய வேலையைச் செய்பவை. அல்கேனைப் பிடிக்கும் வகை ஒன்றுகூட இல்லை. சர்க்கரைக்குப் பழகிய குலம் அது. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அதற்கும் எண்ணெயில் நாட்டமில்லை.

டேங்குக்கு என்ன செய்வது? முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் அளவுகோலின் நுனியில் ஒரு பசை தடவி டேங்கில் இறக்குவார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். அதே பசையை வாங்கிச் சோதிக்கலாம். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு வாளியில் பிடியுங்கள். சளி இவ்வளவு அப்பியிருப்பதால் டேங்கைக் காலி செய்து, உள்ளே துடைத்து, ஃபில்டரை மாற்றுவதுதான் முறை. அதைச் செய்யாமல் கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் ஊற்றினால், செத்த சளி படலம் படலமாக உரிந்து மறுபடி ஃபில்டரை அடைக்கும். மருந்து ஊற்றுவதாக இருந்தால் சுத்தம் செய்த பிறகு, எரிபொருளுக்கென்று விற்பதை மட்டும், அதில் குறித்த அளவில், கையுறை போட்டுக்கொண்டு. ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போடலாமா என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள், கூடவே கூடாது. இந்த உயிர்கள் கக்கும் அமிலம் தகரத்தை அரிக்கும் என்பதால் அடித்தகட்டில் துரு, பொத்தல் இருக்கிறதா என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதன்பின் டேங்கை முடிந்தவரை நிரப்பியே வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் வியர்வையும் குறையும். ஓராண்டுக்கு மேல் பழைய டீசலை வைத்திருக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது லிஃப்டும் மோட்டாரும் அதில் ஓடும்படி ஜெனரேட்டரை ஓட்டுங்கள். மழைக்கு முன் ஐப்பசி பிறக்கும்போது ஒருமுறை வடிகுழாயைத் திறந்துவிடுங்கள். வாளியில் பிடித்த எண்ணெய்த் தண்ணீரைத் தெரு மழைநீர் வடிகாலில் ஊற்றிவிட வேண்டாம். உங்கள் பகுதியில் அது போய்ச் சேருவது பக்கிங்காம் கால்வாய். பழைய இன்ஜின் ஆயிலை எடுத்துப்போகும் உரிமம் பெற்ற ஆள் இருப்பார், மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கும். மூடிபோட்ட கேனில் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.